நாலாவது குதிரையைப் பாருங்கள்

கொலன்னாவையில் எண்ணெய்க் குதங்களைப் பார்க்கலாம், பவுசர் வரிசையைப் பார்க்கலாம். குதிரை பார்ப்பதென்றால் ஏப்ரலில் நுவரெலியாவுக்குத்தான் பஸ் ஏறவேண்டும். கொழும்பு ரீட் அவெனியூவில் இருந்த பந்தயத் திடலும் இப்போது றக்பி மைதானமும் கடைத்தொகுதியுமாகிவிட்டது. ஆகவே நம்மில் பலருக்குக் குதிரை விளையாட்டென்றால் பந்தயம்தான். எது முந்தி வந்ததோ அது வென்றது. அந்தக் கண்ணோடு, மூன்று கட்டக் குதிரைப் போட்டியான ஒலிம்பிக் ஈவென்டிங்கைப் போட்டால் பத்து நிமிடத்தில் சனலை மாற்றிவிடுவீர்கள். ஒரு குதிரை வருகிறது, சுற்றுகிறது, போகிறது. பிறகு இன்னொன்று. யார் முன்னுக்கு நிற்கிறார் என்றே பிடிபடாது.

இதற்கு ஒரு வழி சொல்கிறேன். ரசிகராக உட்காராதீர்கள், தெரிவுக்குழு உறுப்பினராக உட்காருங்கள். ஒரு நாட்டுக்காக, வீரரும் குதிரையுமாக மூன்று சோடியையும் மேலதிகமாக ஒரு சோடியையும் பொறுக்கும் வேலை உங்களுடையது என்று வைத்துக்கொள்ளுங்கள். தேசிய அணிகளுக்கு விளையாட்டுத்துறை அமைச்சரின் ஒப்புதல் வேண்டும் என்று இலங்கையின் 1973ஆம் ஆண்டு விளையாட்டுச் சட்டம் சொல்கிறது. உங்கள் வீட்டு வரவேற்பறைத் தெரிவுக்கு அது தேவையில்லை.

முதலில் கணக்கு. இங்கே கூடுவதெல்லாம் தண்டப்புள்ளி. குறைந்தவர் வெல்வார். முதற்கட்டமான டிரெஸாஜில் குதிரையின் நடைகளுக்கு நடுவர்கள் தரும் சதவீதத்தை நூறிலிருந்து கழித்தால் வருவது தொடக்கப் புள்ளி: 72 சதவீதம் எடுத்தவருக்கு 28. அடுத்து, திறந்த வெளியில் தடைகளைத் தாண்டி ஓடும் கிராஸ் கன்ட்ரி. குறித்த நேரத்தைத் தாண்டும் ஒவ்வொரு செக்கனுக்கும் 0.4, குதிரை ஒருமுறை தடையை மறுத்தால் 20. கடைசியில் ஜம்பிங், விழும் ஒவ்வொரு கம்புக்கும் 4. மூன்று கட்டத்திலும் அதே ஆள், அதே குதிரை. இவ்வளவும் தெரிந்தால் போதும்.

தெரிவாளர் முதலில் பார்ப்பது ஆளையா குதிரையையா என்று கேட்டால், இரண்டையும் தனித்தனியே பார்ப்பதில்லை என்பதுதான் பதில். ஒலிம்பிக்குக்கான குறைந்தபட்சத் தகுதியை ஒரு வீரர் எந்தக் குதிரையோடு பெற்றாரோ அந்தக் குதிரையோடுதான் அது அவருக்குச் செல்லும். எவ்வளவு பெரிய வீரராக இருந்தாலும், நேற்று வாங்கிய குதிரையில் ஏறி ஒலிம்பிக்குக்கு வந்துவிட முடியாது. குதிரைக்கும் எட்டு வயதாவது ஆகியிருக்கவேண்டும்.

இந்தியாவின் ஃபவாத் மிர்ஸாவின் கதை இதற்கு நல்ல பாடம். பெங்களூர்க்காரர். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தனிநபர் வெள்ளி வென்றார். 1982இல் டில்லியில் ரகுபீர் சிங் தங்கம் வென்றதற்குப் பிறகு குதிரையேற்றத்தில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் தனிநபர்ப் பதக்கம் அது. டோக்கியோ ஒலிம்பிக்குக்கு அவர் கையில் தகுதி பெற்ற குதிரைகள் இரண்டு இருந்தன: சேன்யூர் மெடிகாட், டஜாரா 4. முதலில் டஜாராவின் பெயரை அறிவித்தார்கள். சில நாட்களில் மாற்றி, ஜகார்த்தாவில் வெள்ளி கொண்டுவந்த மெடிகாட்டையே ஏற்றி அனுப்பினார்கள். அறிவித்த பெயரை மாற்றியதைத் தடுமாற்றம் என்று சிலர் நினைத்திருக்கலாம். எனக்கு அப்படித் தெரியவில்லை. பெரிய மேடையில் இந்தச் சோடி எப்படி நிற்கும் என்பதற்கு மெடிகாட்டிடம் ஏற்கனவே பதில் இருந்தது.

அந்தப் பதில் சரிதானா என்று டோக்கியோவில் எடுத்த புள்ளியிலேயே பாருங்கள். டிரெஸாஜில் 28, ஒன்பதாம் இடம். கிராஸ் கன்ட்ரியில் ஒரு தடையையும் மறுக்கவில்லை. ஆனால் 28 செக்கன் தாமதம், அதற்கு 11.2. அந்த ஒன்றே இருபத்திரண்டாம் இடத்துக்குத் தள்ளிவிட்டது. ஜம்பிங்கில் இரண்டு கம்பு. இருந்தும் முதல் 25க்குள் நுழைந்து இறுதிச் சுற்றில் ஏறி, 23ஆம் இடத்தில் முடித்தார். தெரிவுக்குழுக் கண்ணுக்கு இது தோல்விப் பட்டியல் அல்ல. குதிரை மூன்று கட்டமும் முடித்தது, மறுக்கவில்லை, வேகம்தான் போதவில்லை. 1980இல் மொஸ்கோவுக்கு ஈவென்டிங் அணி அனுப்பிய இந்தியா, அணியாக முடிக்கவே முடியாமல் திரும்பியது என்பதை இதனருகே வைத்துப் பாருங்கள்.

இனி ஒவ்வொரு கட்டத்திலும் கண்ணை எங்கே வைப்பது?

டிரெஸாஜில் துள்ளல் நடைகளைப் பார்த்து மயங்கவேண்டாம். குதிரை வெறுமனே நடக்கும் அந்தச் சில நொடிகளைப் பாருங்கள். ஓட்டத்தில் படபடப்பை மறைத்துவிடலாம், நடையில் முடியாது. கடிவாளத்தை நெகிழ விட்டதும் கழுத்தை நீட்டி முன்னுக்குத் தாழ்த்துகிறதா, அல்லது வாலை வீசி, வாயைத் திறந்து, காலை மாற்றி மாற்றி வைக்கிறதா? இரண்டாவது வகைக் குதிரை அன்றைக்கு நல்ல புள்ளி எடுத்தாலும் என் பட்டியலில் பென்சிலால்தான் இருக்கும்.

கிராஸ் கன்ட்ரிதான் இந்த விளையாட்டின் உயிர், ஆபத்தும் அங்கேதான். தாண்டுவதைப் பார்க்காதீர்கள், அதை கமரா எப்படியும் காட்டும். தாண்டுமுன் வரும் நாலைந்து எட்டுக்களைப் பாருங்கள். வீரர் உடலை நிமிர்த்திக் குதிரையைக் கூட்டிப் பிடிக்கிறாரா, அதன் காது தடையை நோக்கி நிற்கிறதா? சில தடைகளுக்கு நேர்வழியும் சுற்றுவழியும் உண்டு. சுற்றுவழியில் பத்து செக்கன் போனால் 4 புள்ளி. நேர்வழியில் குதிரை மறுத்தால் 20, அதாவது ஐம்பது செக்கன் தாமதத்துக்குச் சமம். சுற்றிப் போகிறவரைப் பார்த்து “பயந்துவிட்டார்” என்று சொல்லுமுன் இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள். வீரரின் மணிக்கட்டில் கடிகாரம் இருக்கும். முன்பே பாதையை நடந்து பார்த்து, ஒவ்வொரு நிமிடத்துக்கும் எந்த இடத்தில் இருக்கவேண்டும் என்று மனதில் குறித்து வைத்திருப்பார். டோக்கியோவில் இந்தக் கட்டத்தில்தான் சுவிஸ் அணியின் ஜெட் செட் என்ற குதிரை காலில் காயம்பட்டு, கருணைக்கொலை செய்யப்பட்டது. குதிரையின் காலைவிடப் பதக்கத்தைப் பெரிதாக எண்ணுகிற தெரிவாளரை நான் அந்தக் கதிரையில் இருத்தமாட்டேன்.

ஜம்பிங்கில் களைத்த குதிரை தன் பின்னங்காலைத் தூக்குகிறதா என்று மட்டும் பாருங்கள். ஆளின் பிழையும் அங்கே விலை உயர்ந்தது. மெடிகாட்டை மிர்ஸாவுக்கு முன்பு ஓட்டிய ஜேர்மன் வீராங்கனை பெட்டினா ஹோய், 2004 ஏதென்ஸில் வேறொரு குதிரையில் வந்து, தொடக்கக் கோட்டை இரண்டு தடவை கடந்துவிட்டார். மேன்முறையீடு விளையாட்டு நடுவர் மன்றம்வரை போய், தனிநபர்த் தங்கமும் அணித் தங்கமும் கைவிட்டுப் போயின.

இந்தக் கட்டங்களுக்கு நடுவே, ஜம்பிங் நாள் காலையில், பலர் பார்க்காமலே விடும் ஒன்று உண்டு: குதிரைப் பரிசோதனை. கிராஸ் கன்ட்ரி ஓடி முடித்த குதிரையை மறுநாள் கையில் பிடித்து நடுவர்களுக்கும் மிருக வைத்தியருக்கும் முன்னால் ஓட்டிக் காட்டவேண்டும். ஒரு கால் சரியாக ஊன்றாவிட்டால் அந்த இடத்தோடு முடிந்தது. இரண்டு நாள் உழைப்பும் அந்தச் சிறு ஓட்டத்தில் தொங்கும்.

நாலாவது சோடி ஏன் முக்கியம் என்பதை 2024இல் பாரிஸ் காட்டியது. ரியோவில் ஓர் அணியில் நால்வர் ஓடி, சிறந்த மூன்று பேரின் புள்ளியைச் சேர்த்தார்கள். ஒருவர் சறுக்கினாலும் விட்டுவிடலாம். டோக்கியோவிலிருந்து மூன்றே பேர், மூவரின் புள்ளியும் சேரும். நாலாமவர் கிரிக்கெட்டின் பன்னிரண்டாமவர் மாதிரி வெளியே நிற்பார். அவரை இறக்கினால் அணிக்கு 20 தண்டம். பாரிஸ் குதிரையேற்றம் நடந்த வெர்சாயில் பதக்க நிலையில் இருந்த ஜப்பான் அணி, இரண்டாவது குதிரைப் பரிசோதனையில் கிட்டஜிமா ரியூசோவின் குதிரையை விலக்கிக்கொள்ளவேண்டி வந்தது. தண்டம் சேர்ந்து அணி கீழே இறங்கியது. மேலதிகமாக வந்திருந்த தனாக்கா தொஷியுக்கி ஏறினார். தொமொத்தோ கசுமாவும் ஓயிவா யொஷியாக்கியும் அவருமாக வெண்கலத்தைக் கொண்டுவந்தார்கள். 1932 லொஸ் ஏஞ்சலிஸில் நிஷி தக்கெயிச்சி ஜம்பிங்கில் தங்கம் வென்றதற்குப் பிறகு, 92 வருடங்கள் கழித்து ஜப்பானுக்கு ஒலிம்பிக் குதிரையேற்றத்தில் கிடைத்த பதக்கம். சராசரியாக நாற்பதை ஒட்டிய வயதுக்காரர்கள், தங்களுக்குத் தாங்களே “முதுமையின் வாசல் ஜப்பான்” என்ற பொருளில் பெயர் சூட்டிக்கொண்டவர்கள். அந்த வெண்கலத்தில் பாதியை, நாலாவது பெயரை எழுதிய தெரிவாளருக்குத்தான் நான் கொடுப்பேன்.

நம் நாட்டுக்கு இப்படி நால்வரைப் பொறுக்கும் தலைவலி இன்னும் வரவில்லை. வந்தது வேறு தலைவலி. இலங்கையில் பிறந்து சுவீடன் குடும்பமொன்றில் தத்துப் பிள்ளையாக வளர்ந்த மத்தில்டா கார்ல்சன், இலங்கைக் கொடிக்கு மாறி, டோக்கியோ ஜம்பிங்குக்குத் தரவரிசைப் புள்ளியால் தகுதி பெற்றார். சில போட்டிகளின் புள்ளிகள் செல்லாதென்று சர்வதேச குதிரையேற்றச் சம்மேளனம் வெட்டியது. விளையாட்டு நடுவர் மன்றத்துக்குப் போய்த்தான் இடம் திரும்பியது. சொப்பின் விஏ என்ற குதிரையில் அவர் களமிறங்கியபோது, ஒலிம்பிக் குதிரையேற்றத்தில் இலங்கையின் முதல் ஆள் ஆனார். தெரிவுக்குழு என்பது சில வேளை மேசையைச் சுற்றி இருப்பவர்கள் அல்ல, ஒரு புள்ளிப் பட்டியலும் இரண்டு வழக்கறிஞர்களும்தான்.

அடுத்த முறை போட்டி தொடங்குமுன் பங்குபற்றுவோர் பட்டியலைக் கைத்தொலைபேசியில் இறக்கிக்கொள்ளுங்கள். உங்களுக்குப் பிடித்த நாட்டை எடுத்து, ஒவ்வொரு குதிரைக்கும் நேரே வயது, அந்த வீரரோடு எத்தனை வருடம், கடைசி இரண்டு கிராஸ் கன்ட்ரியில் மறுத்ததா இல்லையா என்று குறியுங்கள். மேலதிகச் சோடி யார் என்பதையும் தேடி எழுதிவிடுங்கள். ஒளிபரப்பில் அந்தப் பெயரை அதிகம் சொல்லமாட்டார்கள். மூன்றாம் நாள் காலைப் பரிசோதனை நேரலையாக வந்தால், தேநீர் ஆறினாலும் பரவாயில்லை, அதைத் தவறவிடாதீர்கள்.