தோள் மாறும் எண்

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் அமெரிக்கக் கால்பந்துச் சட்டை பெரும்பாலும் பள்ளியின் சொத்து. பருவம் முடிந்ததும் துவைத்து அலமாரிக்குத் திரும்பும். அடுத்த ஆண்டு அதே எண் வேறொரு பையனின் முதுகில் ஏறும். முழங்கைப் பக்கம் தைத்த கிழிசல், போகாத புல்கறை எல்லாம் அவனுக்கும் சேர்த்துத்தான். இந்தக் கைமாறல்தான் எண்ணுக்கு உயிர் தருகிறது என்பேன். சிறந்த ஆட்டக்காரரின் எண்ணை இனி யாருக்கும் தராமல் நிறுத்திவைப்பதே மரியாதை என்பார்கள். ஆனால் சிராக்யூஸ் பல்கலைக்கழக அணியின் 44-ஐப் பாருங்கள். அதை அணிந்த ஆட்டக்காரர் ஜிம் பிரவுன் 1956-இல் ஆடி முடித்ததும் அதைப் பூட்டியிருந்தால், எர்னி டேவிஸ் அதை அணிந்திருக்க முடியாது. கல்லூரிக் கால்பந்தின் உயரிய விருதான ஹைஸ்மன் கோப்பையை 1961-இல் வென்ற அவர், அதைப் பெற்ற முதல் கறுப்பினத்தவர். ரத்தப் புற்றுநோயால் 23 வயதில் இறந்தார். அவருக்குப் பின் ஃபிளாய்ட் லிட்டில் அதே எண்ணில் ஓடினார். ஒருவரின் சாதனை மூவரின் மரபானது. பல்கலைக்கழகத்தின் அஞ்சல் குறியீடுகூட 13244. அந்த எண் ஓய்வு பெற்றது 2005-இல்தான்.

பழைய புகழ் புதுப் பையனுக்குச் சுமையாகாதா? ஆகலாம், அந்தக் கவலை நியாயமானது. ஆனால் பள்ளி அளவில் பெரும்பாலான எண்களுக்குப் புகழே கிடையாது. விதிப்படி 50 முதல் 79 வரை தாக்குதல் வரிசையின் முன்னணித் தடுப்பாளர்களுக்கு. பெரும்பாலும் பந்தைத் தொடாமலே ஆட்டம் முழுக்க மோதித் தள்ளும் அந்தப் பையன்களைக் கூட்டம் அதிகம் கவனிப்பதில்லை. 64-ஐ முன்பு அணிந்தவனுக்குத்தான் அந்த வலி தெரியும். இப்போது அணிந்திருப்பவனை அவன் கண்கள் தேடும்.