மாலைச் செபத்துக்கு இணையம் என்ன தருகிறது?

யாழ்ப்பாணத்தில் கிறிஸ்தவர்களை அயலவர் 'வேதக்காரர்' என்பார்கள்; அவர்களுடைய ஆலயம் 'வேதக்கோயில்'. ஒரு சமூகத்தை அதன் கையிலிருக்கும் புத்தகத்தால் அடையாளம் காட்டிய வழக்கு இது. அந்தப் புத்தகம் இப்போது கைத்தொலைபேசிக்குள் போய்விட்டது. ஆராதனையில் போதகர் அதிகாரத்தைச் சொன்னதும் தாள் புரளும் சத்தம் குறைந்து, விரல்கள் திரையைத் தடவுகின்றன. இதில் எனக்கு வருத்தம் இல்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு இணையம் அவ்வளவாகத் தேவையுமில்லை. அங்கே போதகர் இருக்கிறார், பாடகர் குழு இருக்கிறது. திங்கள் தொடங்கிச் சனி வரை, விளக்கு வைக்கிற நேரத்தில் பாய் விரித்துச் செபத்துக்கு உட்காரும் குடும்பத்துக்கு இணையம் என்ன தருகிறது என்பதைத்தான் இங்கே பார்க்க விரும்புகிறேன்.

வீட்டை அளவுகோலாக எடுப்பதற்குக் காரணம் உண்டு. 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்தபின் கத்தோலிக்கக் குருக்களுக்கு இங்கே இடமில்லாமல் போயிற்று. கோவாவைச் சேர்ந்த யோசவ் வாஸ் அடிகள் 1687இல் மாறுவேடத்தில் வந்து சேரும்வரை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை. அவர் வந்து பணியைத் தொடங்க முடிந்ததே, சில்லாலை போன்ற ஊர்களில் வீட்டுக்குள் செபம் அணையாமல் இருந்ததால்தான். 2015 ஜனவரி 14 அன்று கொழும்பில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது, அவருக்கு முன் குருவின்றிப் பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக்கொடுத்த, பெயர் தெரியாத தாய்மாரை நான் நினைத்துக்கொண்டேன். நம்முடைய நம்பிக்கைக்கு அடித்தளம் அவர்கள் போட்டது.

முதலில் வேதாகமம். இந்த ஒன்றில் நமக்குப் பஞ்சமே இல்லை. 2008இல் வெளிவந்த யூவேர்ஷன் செயலியில் தமிழ்ப் பெயர்ப்புகள் பல இலவசமாகக் கிடைக்கின்றன. வாசித்துக் காட்டும் ஒலிவடிவமும் உண்டு. சீர்திருத்தச் சபை வீடுகளில் தலைமுறை தலைமுறையாகப் புழங்கிய பழைய பெயர்ப்பு, அதாவது ஹென்றி பவர் தலைமையில் 1871இல் நிறைவான பெயர்ப்பு, அதில் இருக்கிறது. 1995இல் வெளியான திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பை அருள்வாக்கு தளத்திலும் தமிழ் விக்கிமூலத்திலும் வாசிக்கலாம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிப்பதையே நான் எல்லோருக்கும் சொல்வேன். ஒன்று 'கர்த்தர்' என்னும் இடத்தில் மற்றது 'ஆண்டவர்' என்கிறது. 'பரிசுத்த ஆவி' அங்கே 'தூய ஆவி' ஆகிறது. பழகிப்போன வசனம் வேறு சொல்லில் வந்து நிற்கும்போதுதான், இத்தனை நாளும் அதை வாசிக்காமல் ஒப்பித்துக்கொண்டிருந்தோம் என்று தெரிகிறது. தாய் ஒரு சபையும் தகப்பன் ஒரு சபையுமான வீடுகளில் இந்த வாசிப்பு வேறொரு நன்மையையும் செய்யும்.

ஆனால் வேதாகமத் தமிழுக்கு இந்த மண் செய்த வேலை அந்தச் செயலிகளில் எங்கும் இல்லை. ஒல்லாந்தச் சபையில் குருவான சுதேசி பிலிப்பு தெ மெல்லோவின் புதிய ஏற்பாடு 1759இல் கொழும்பில் அச்சானது. வெஸ்லியன் மிசனைச் சேர்ந்த பீற்றர் பேர்சிவல் பாதிரியார், இளைஞராயிருந்த ஆறுமுக நாவலரைத் துணையாகக் கொண்டு உழைத்த பெயர்ப்பு 1850இல் வந்தது. சைவத்தின் பெருங்காவலர் என்று நாம் கொண்டாடும் ஒருவருடைய தமிழ், கிறிஸ்தவ வேதத்துக்குள் ஓடியிருக்கிறது. தமிழ்நாட்டுச் சபைகள் அந்தப் பெயர்ப்பை ஏற்கவில்லை. இந்த வரலாற்றையெல்லாம் ஒரே நூலில் எழுதி வைத்தவரும் நம்மவர்தான்: தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனத்துக்கு 1947இல் முதல் பேராயரான சபாபதி குலேந்திரன். அவருடைய 'கிறிஸ்தவ தமிழ் வேதாகமத்தின் வரலாறு' 1967இல் வந்தது. வேதபாட வகுப்பு எடுக்கும் ஒவ்வொருவரும் அதைத் தேடி வாசிக்க வேண்டும்.

அடுத்தது ஒலி. 1990க்குப் பின் குடாநாட்டில் மின்சாரம் இல்லாத ஆண்டுகளில் வளர்ந்தவர்களுக்கு நான் சொல்லப்போவது புதிதல்ல. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் மிதியைச் சுற்ற, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் வானொலி பாடும். எங்கள் வீட்டில் சுற்றுவது என் வேலை. பிலிப்பைன்ஸிலிருந்து சிற்றலையில் வந்த வேரித்தாஸ் வானொலியின் தமிழ்ச் சேவைக்காக முற்றத்தில் அயல் முழுவதும் கூடும். சைவ வீட்டாரும் வருவார்கள். செய்தி கேட்கத்தான் வந்தார்கள், உண்மை. ஆனால் செய்திக்கு முன்னும் பின்னும் வந்த சிந்தனையையும் பாட்டையும் எழும்பிப் போகாமல் கேட்டார்கள். போத்தல் விளக்கு வெளிச்சத்தில் அந்தக் குரல் தந்த ஆறுதலை இன்றைய எந்தக் காணொளியும் எனக்குத் தந்ததில்லை.

2018 நடுப்பகுதியில் அந்தச் சிற்றலை ஒலிபரப்பு நின்று, வேரித்தாஸ் இணையத்துக்கு வந்துவிட்டது. வத்திக்கான் வானொலியின் தமிழ்ப் பிரிவும் வத்திக்கான் செய்தித் தளத்தில் செய்தியையும் சிந்தனையையும் தருகிறது. தரத்தில் குறையில்லை; இரைச்சல் இல்லாமல் தெளிவாகக் கேட்கிறது. குறைந்து போனது நேரம். வானொலி தன் நேரத்துக்கு வந்தது. நாம் அதற்காகக் காத்திருந்தோம். இணையத்தில் எப்போதும் கேட்கலாம் என்பதால், பிறகு கேட்போம் என்று தள்ளிவைத்து, கேட்காமலே படுத்துவிடுகிறோம். தினசரித் தியானம் தரும் எந்தத் தளத்தைத் தேர்ந்தாலும் முதலில் நேரத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும் என்பது என் அனுபவம். ஏழு மணி என்றால் ஏழு மணி. பத்துத் தளங்களைப் பின்தொடர்ந்து ஒன்றையும் முடிக்காதவர்களைக் கண்டிருக்கிறேன். ஒரே ஒரு நற்செய்தியை நாளுக்கு அரை அதிகாரமாக மூன்று தடவை கேட்டு முடித்த ஒரு மீன்பிடித் தொழிலாளியையும் கண்டிருக்கிறேன். கரையில் வலை பொத்தும்போது போனை மடியில் வைத்துக் கேட்பார். மாற்குவின் நற்செய்தியில் எந்தக் கடற்கரையில் என்ன நடந்தது என்று அவரிடம் கேட்டால் வரிசையாகச் சொல்வார்.

நேரலைப் பூசையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பின்னும், 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோதும் அதுவே வழியாயிற்று. படுக்கையில் இருப்பவர்களுக்கு அது இன்றும் பெருங்கொடை. நடந்து போகக்கூடியவர்களுக்கு அது பழக்கமாகிவிடக்கூடாது.

புலம்பெயர்ந்த வீடுகளோடு நடக்கும் செபம் வேறு வகை. இதை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். ஒக்ரோபர் செபமாலை மாதத்தில், இளவாலையில் மாலை ஏழு மணி என்றால் இலண்டனில் மதியம் இரண்டரை, ரொறொன்ரோவில் காலை ஒன்பதரை. வட்ஸ்அப் காணொளி அழைப்பில் அம்மம்மா தொடங்குகிறார். ஒரு பத்து மகனுக்கு, ஒரு பத்து மகளுக்கு, ஒரு பத்து பேரப்பிள்ளைக்கு. பாரிசில் பிறந்த பிள்ளைக்குத் தமிழில் பாதிதான் வரும். மிச்சத்தைப் பிரெஞ்சில் சொல்லும். அம்மம்மா திருத்துவதில்லை, காத்திருப்பார். இணைப்பு அறுந்தால் விட்ட மணியிலிருந்து மீண்டும் தொடங்குவார்கள். இதற்காக எவரும் செயலி செய்யவில்லை, நிதி ஒதுக்கவில்லை, பயிற்சி கொடுக்கவில்லை. போரும் இடப்பெயர்வும் ஐந்து நாடுகளில் சிதறடித்த ஒரு குடும்பம் நாளொன்றுக்கு இருபது நிமிடம் மீண்டும் ஒரு வீடாகிறது. நம்பிக்கையை ஆழமாக்கும் இணைய வளம் எது என்று என்னைக் கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வேன்.

பிள்ளைகளுக்கு என்ன காட்டலாம் என்று பெற்றோர் கேட்பதுண்டு. வேதாகமத்தின் ஒவ்வொரு நூலையும் சில நிமிடச் சித்திரமாக விளக்கும் பைபிள் ப்ராஜெக்ட் காணொளிகள் தமிழிலும் உள்ளன. காசு கேட்பதில்லை, பயமுறுத்துவதில்லை. பிள்ளையைத் தனியே விட்டுவிடாமல் கூட இருந்து பார்த்து, பிறகு அந்த நூலைத் திறந்து ஒரு பக்கமாவது வாசிக்க வேண்டும்.

பயமுறுத்துகிறவையும் ஏராளம். 'ஏழு பேருக்கு அனுப்பு, இன்றிரவுக்குள் அற்புதம். அனுப்பாவிட்டால் துன்பம்' என்று வரும் செய்திகளைச் செபம் என்று எண்ணி வயதானவர்கள் நடுங்குகிறார்கள். காணிக்கை அனுப்பினால் கடன் தீரும், விசா வரும் என்று பேசும் பிரசங்கங்களும் அதே திரையில் அதே வெளிச்சத்தோடு வருகின்றன. 2022இல் எரிபொருளும் மின்சாரமும் காகிதமும் இல்லாமல் நாடு தவித்தபோது இவை எத்தனை வீடுகளுக்குள் புகுந்தன என்பதைப் பங்கில் பணிசெய்தவர்கள் அறிவார்கள். என் சோதனை எளிமையானது: கேட்டு முடித்தபின் அயலவர்மேல் இரக்கம் கூடியதா, பயம் கூடியதா? பயம் கூடியிருந்தால் அதை அழித்துவிடுங்கள், பிறருக்கு அனுப்பவேண்டாம்.

போனை வைத்துவிட வேண்டிய நேரமும் உண்டு. தோமஸ் அடிகள் 1928இல் தோலகட்டியில் தொடங்கிய செபமாலைத் துறவிகள் மடத்தை நம்மில் பலர் அவர்கள் செய்யும் நெல்லிரசத்தாலும் முந்திரிகை இரசத்தாலும் மட்டும் அறிந்திருக்கிறோம். அவர்கள் வாழ்வு மௌனமும் வேலையும் ஆராதனையும். எந்தத் தளமும் மௌனத்தைத் தரவிறக்கித் தராது.

இனி, எனக்கு மிகவும் மனம் நோகும் இடம். இந்தக் குடாநாடு தமிழ்க் கிறிஸ்தவ எழுத்தின் தொட்டில்களில் ஒன்று. அமெரிக்க மிசனுக்காக 1820இல் வந்த அச்சாளர் கரற்றை ஆங்கிலேயத் தேசாதிபதி தங்கவிடவில்லை; ஆனாலும் மானிப்பாயில் அச்சுக்கூடம் எழுந்தது; 1841இல் உதயதாரகை வந்தது; 1876இல் கத்தோலிக்கரின் சத்தியவேத பாதுகாவலன் வந்தது. அதற்கெல்லாம் முன்பே, 1647இல், தெல்லிப்பழைப் பேதுருப் புலவர் கிளாலி யாகப்பர்மேல் சந்தியோகுமையோர் அம்மானை பாடினார். நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் எழுதிக் குவித்தார். 1981இல் யாழ் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. எஞ்சியதை மீட்கும் வேலையில் 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் செய்திருப்பதற்கு நன்றி சொல்லி முடியாது. சபைகளின் மலர்களும் சஞ்சிகைகளும் அங்கே உண்டு. பிரித்தானிய நூலகத்தின் அழியும் ஆவணங்களைக் காக்கும் திட்டமும் யாழ்ப்பாணச் சீர்திருத்தச் சபைகளின் பழைய அச்சுகளை மின்வருடத் துணைநின்றது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் வீரமாமுனிவரின் தேம்பாவணியை வாசிக்கலாம்.

ஆனால் மின்வருடிய பக்கம் ஒரு படம். அதில் ஒரு சொல்லைத் தேட முடியாது. பார்வை மங்கியவருக்குப் போன் அதை வாசித்துக் காட்டாது. நம் பங்குகளில் இருபது முப்பது ஆண்டுகளாகத் தட்டச்சான செபநூல்களும் பாட்டு ஏடுகளும் பாமினி எழுத்துருவில் கிடக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத கருவியில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை. யூனிகோடுக்கு மாற்றுவது ஒரு பிற்பகல் வேலை. கணினி தெரிந்த இளையோர் ஒவ்வொரு பங்கிலும் இருக்கிறார்கள், கேட்க ஆளில்லை.

எழுத்தாவது படமாக இருக்கிறது. குரல் போய்க்கொண்டிருக்கிறது. கோவாவிலிருந்து வந்து 1742இல் மறைந்த யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகளின் வியாகுலப் பிரசங்கத்தைத் தவக்காலத்தில் இராகத்தோடு வாசிப்பதும், கிறிஸ்துவின் பாடுகளைச் சொல்லும் பசாம் பாடுவதும் நம் கரையோர ஊர்களின் சொத்து. ஊருக்கு ஊர் இராகம் மாறும். மூச்சு எங்கே விடுவது, எங்கே இழுத்து அழுவது என்பது தாளில் இல்லை, பாடுகிறவரின் தொண்டையில் இருக்கிறது. யூரியூப்பில் 'தவக்காலப் பாடல்' என்று தேடினால் தமிழ்நாட்டுக் கலையகப் பாட்டுகள் வரிசையாக வருகின்றன. அவை நல்ல பாட்டுகள். ஆனால் இளவாலைப் பிள்ளை தன் பூட்டியின் குரலை அங்கே தேடினால் காணாது. பாடத் தெரிந்த மூத்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

வருகிற தவக்காலத்துக்கு முன் உங்கள் ஊரில் பசாம் பாடத் தெரிந்த ஒருவர் வீட்டுக்குப் போங்கள். விசிறியை நிறுத்தி, கதவைச் சாத்தி, போனை அவர் முன்னால் மேசையில் வையுங்கள். பாடி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள். அவர் பெயர், ஊர், யாரிடம் பழகினார், எந்தத் திகதியில் பதிந்தது என்பதை எழுதி, அவருடைய சம்மதத்தோடு நூலகம் நிறுவனத்தின் பல்லூடக ஆவணகத்துக்கு அனுப்புங்கள். ஒரு பிரதியை அவருடைய பேரப்பிள்ளைகளுக்கும் அனுப்புங்கள்.