ஒன்றரை அங்குலக் கட்டம்

லிப்ரேகேட் வரைபட மென்பொருளைத் திறந்து, கிரிட் ஸ்னாப் பொத்தானை அழுத்திவிட்டு மவுஸை நகர்த்திப் பாருங்கள். குறி வழுக்கிக்கொண்டு போகாது. ஒரு கட்டப் புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்குத் தாவும். கை நடுங்கினாலும் கோடு நடுங்காது. 1963இல் ஐவன் சதர்லேண்ட் எம்ஐடியில் உருவாக்கிய ஸ்கெட்ச்பேட் என்ற வரைபட நிரலிலேயே இதற்கான வித்து இருந்தது. ஒளிப்பேனாவைக் கோட்டின் அருகே கொண்டுபோனாலே போதும், கோட்டின் மேல் வைத்ததாகவே கணினி எடுத்துக்கொள்ளும். அறுபது ஆண்டுகள் கழித்து, காசில்லாமல் கிடைக்கும் ஒரு மென்பொருளில் அதே உதவி என் மேசைக்கு வந்திருக்கிறது என்பது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி.

மூன்று வாரமாக இதில் ஒரு சிறிய வீட்டின் பிளானை வரைந்துவருகிறேன். நான் பயன்படுத்தியது 2.2 பதிப்பு. பழைய மடிக்கணினியிலும் தடங்கலில்லாமல் ஓடுகிறது. கோப்பை டிஎக்ஸ்எஃப் வடிவில் சேமிப்பதால் ஆட்டோகேட் வைத்திருக்கும் பொறியாளரிடமும் கொடுக்கலாம். ஆனால் வரைபடம் துல்லியமாக வருமா வராதா என்பது கட்டத்தின் இடைவெளியை எப்படித் தேர்ந்தெடுக்கிறோம் என்பதில்தான் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

முதல் வாரம் மில்லிமீட்டரில் வரைந்தேன். இடைவெளி 10. சுவர் 230 மில்லிமீட்டர் என்றால் இருபத்து மூன்று தாவல், கணக்கு சரி. நான்கு அறைகள் முடிந்ததும் அளவு போட்டுப் பார்த்தேன். மற்ற சுவர்கள் எல்லாம் 230, ஒன்று மட்டும் 200. முழு வீட்டையும் ஒரே திரையில் பார்க்க ஜூமைக் குறைத்திருந்த நேரத்தில் அந்தச் சுவரை வரைந்திருக்கிறேன். புள்ளிகள் நெருங்கிப்போகாமல் இருக்க, ஜூம் குறையும்போது லிப்ரேகேட் கட்டத்தை விரித்துவிடும்; 10 என்பது 100 ஆகிவிடும். ஸ்னாப்பும் அதோடு போகும். 230க்குப் போக வேண்டிய குறி 200இல் உட்கார்ந்துகொண்டது. திரையின் அடியில் ‘10 / 100’ போன்ற ஓர் எண் ஜோடி எப்போதும் தெரியும். இப்போது எந்தக் கட்டம் நடப்பில் இருக்கிறது என்பதை அதுதான் சொல்லும். அதைப் பார்க்கத் தவறியது நான்.

ஆட்டோகேடில் ஏற்பாடு வேறு. கண்ணுக்குத் தெரியும் கட்டத்துக்கு எஃப் 7, ஸ்னாப்புக்கு எஃப் 9 என்று இரண்டும் தனித்தனி, இடைவெளியும் தனித்தனி. ஜூமைக் குறைத்தால் கட்டக் கோடுகள் குறையும், ஸ்னாப் அதே 10இல் நிற்கும். தெரிகிற இடமெல்லாம் தாவுகிற இடம் அல்ல என்பது ஆரம்பத்தில் குழப்பும். இருந்தாலும், நான் கொடுத்த அளவு என் அனுமதியில்லாமல் மாறக்கூடாது என்பதே என் கட்சி. லிப்ரேகேடிலும் கட்டம் தானாக விரிவதை அமைப்புகளில் போய் நிறுத்திவிடலாம். நிறுத்திவிட்டேன். வீட்டுப் பிளான் வரைகிற எவரும் முதல் வேலையாக இதைச் செய்ய வேண்டும் என்பேன்.

அடுத்த கேள்வி, இடைவெளி எவ்வளவு? இந்தியத் தரநிர்ணயத்தின் மாடுலர் செங்கல் 190 × 90 × 90 மில்லிமீட்டர். சாந்தைச் சேர்த்தால் 200 × 100 × 100. அந்தக் கல்லில் கட்டுவதானால் 100 மில்லிமீட்டர் கட்டம் அச்சாகப் பொருந்தும். ஆனால் நம் ஊர் மேஸ்திரி ஒன்பது இஞ்சு சுவர், நாலரை இஞ்சு சுவர் என்றுதான் பேசுகிறார். அறையும் பத்துக்குப் பன்னிரண்டு அடிதான். அதை மில்லிமீட்டருக்கு மாற்றினால் ஓர் அடி 304.8, எந்த முழு எண் கட்டத்திலும் ஒழுங்காக உட்காராது. அலகை அங்குலத்துக்கு மாற்றினேன். ஓர் அங்குலக் கட்டம் போட்டால் நாலரை சிக்கவில்லை. அரை அங்குலம் போட்டால் எல்லாம் சிக்கும், ஆனால் புள்ளிகள் மிக நெருக்கம். பக்கத்துப் புள்ளியில் தவறாக விழுவது எளிது.

ஒன்றரை அங்குலம் வைத்துப் பார்த்தேன். நாலரை மூன்று தாவல், ஒன்பது ஆறு, ஓர் அடி எட்டு. மூன்று அடி வாசல் இருபத்து நான்கு, இரண்டரை அடி கழிப்பறைக் கதவு இருபது. உள்ளளவு பத்தடி அறைக்கு இருபுறமும் ஒன்பது அங்குலச் சுவர் சேர்த்தால் வெளியளவு பதினொன்றரை அடி; அது தொண்ணூற்று இரண்டு தாவல். எங்கும் மிச்சமில்லை. அன்று மாலைக்குள் நான்கு அறைகளின் சுவர்களும் முடிந்துவிட்டன.

படிக்கட்டில்தான் தடுக்கியது. மிதி 10 அங்குலம், உயரம் 6 அங்குலம். பத்து, ஒன்றரையின் மடங்கு இல்லை. ஸ்னாப்பை நம்பினால் ஒவ்வொரு மிதியும் பத்தரை ஆகும். பத்துப் படியில் ஐந்து அங்குலம் கூடிவிடும், மேல் படி சுவருக்குள் போய்விடும். இங்கே லிப்ரேகேட் ஒரு நல்ல வழி தருகிறது: கிடை இடைவெளியும் செங்குத்து இடைவெளியும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. கிடைக்கு 10, செங்குத்துக்கு 6 கொடுத்தேன். ஒரு கட்டம், ஒரு படி. படிக்கட்டின் பக்கவாட்டுத் தோற்றத்தைச் சில நிமிடத்தில் வரைந்துவிட்டேன். கட்டம் எப்போதும் 0,0 புள்ளியிலிருந்தே தொடங்குவதால் படிக்கட்டை அங்கேயே வரைந்து, பிறகு உரிய இடத்துக்கு நகர்த்தினேன். ஆட்டோகேடில் ஸ்னாப்பின் தொடக்கப் புள்ளியையே மாற்றிக்கொள்ளலாம். அந்த வசதிக்கு இந்த இடத்தில் ஏங்கினேன்.

சுவர்கள் முடிந்ததும் கிரிட் ஸ்னாப்பை அணைத்துவிடுங்கள். முனைப்புள்ளி, வெட்டும்புள்ளி ஸ்னாப்புகளோடு இதையும் சேர்த்து வைத்தால் குறி அருகில் எது இருக்கிறதோ அதைப் பிடிக்கும்; முனை என்று நினைத்து அதை ஒட்டிய கட்டப் புள்ளியில் கோடு நின்றுவிடும். இரண்டு சாய்கோடுகள் வெட்டும் இடம் கட்டத்தில் விழ வேண்டும் என்றும் இல்லை. கட்டத்தில் சேராத அளவுகளுக்கு விசைப்பலகைதான். ‘@120,0’ என்று அடித்தால் ஸ்னாப் எந்த இடைவெளியில் இருந்தாலும் கோடு 120 அலகு போகும். மனை சாய்வாக இருந்தால் வீட்டை நேராகவே வரைந்து முடித்து, கடைசியில் மொத்தமாகத் திருப்பிக்கொள்ளலாம்.

சரிபார்க்கும்போது, அளவுக் குறிகளின் துல்லியத்தைத் தற்காலிகமாக நான்கு தசம இடத்துக்கு ஏற்றிவைக்கிறேன். முழு எண்ணுக்குச் சுருக்கிக் காட்டினால் 119.8731 கூட 120 என்றே தெரியும். நான்கு இடம் காட்டினால் கட்டத்தைத் தவறவிட்ட கோடு உடனே அகப்பட்டுவிடும். நேற்று சமையலறை ஜன்னலில் அப்படி ஒன்று அகப்பட்டது. அழித்துவிட்டு மறுபடி வரைந்தேன்.