கொண்டை ஊசி வளைவில் தெரியும் கைவேலை

பழைய புல்லட்டைக் கிளப்பத் தெரிந்தவரைக் கண்காட்சித் திடலில் எளிதாக அடையாளம் கண்டுவிடலாம். அவர் அவசரப்பட மாட்டார். சாவியைப் போட்டதும் அவர் கண் ஆம்பியர் மீட்டருக்குப் போகும். கிக்கரை மெல்ல அழுத்துவார். முள் நடுவுக்கு வந்து நின்றதும் டீகம்ப்ரஸர் லீவரை இழுத்துப் பிடித்து, பிஸ்டன் உச்சியைத் தாண்டும் அளவுக்குக் கிக்கரை இன்னும் கொஞ்சம் இறக்குவார். பிறகு லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே உதை. டப், டப், டப் என்று இஞ்சின் தன் நடைக்கு வந்துவிடும். முறை தெரியாதவர் பத்து முறை உதைத்து முழங்கால் வலியோடு நிற்பார்.

பழைய வண்டிகளை ரசிக்க வருபவர் முதலில் பார்க்க வேண்டியது இந்தக் கையையும் காலையும்தான். பெயிண்டின் பளபளப்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

வண்டிகளைக் கூட்டிவைத்து நல்ல காரியத்துக்குப் பணம் திரட்டும் வழக்கம் உலகெங்கும் இருக்கிறது. கலிபோர்னியாவின் பெப்பிள் பீச்சில் 1950-இல் ஒரு கார் பந்தயத்தின் துணை நிகழ்ச்சியாகத் தொடங்கிய அழகுக் காட்சி, இன்று பழைய கார்களின் உலகத்தில் முதலிடத்தில் நிற்கிறது. அங்கே சேரும் பணம் அந்த வட்டாரத்து அறநிறுவனங்களுக்குப் போகிறது. தொடக்க ஆண்டுகளில் அங்கே புத்தம் புதிய கார்களே பரிசு வாங்கின. 1955-இல் ஓர் இளைஞர் 1931-ஆம் ஆண்டின் பியர்ஸ் ஆரோ காரைச் சீர்செய்து கொண்டுவந்து முதல் பரிசைத் தட்டிச் சென்றார். அவர் பில் ஹில். ஆறு ஆண்டு கழித்து ஃபார்முலா ஒன் உலக சாம்பியன் ஆனவரும் அவரேதான். ஓட்டத் தெரிந்தவரின் கைதான் அந்தப் பழைய காருக்கும் உயிர் கொடுத்தது என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

நமக்கு நெருக்கமான உதாரணமும் உண்டு. 2012-இல் சிட்னியில் மார்க் ஹாவா தொடங்கிய ‘டிஸ்டிங்குவிஷ்டு ஜென்டில்மேன்ஸ் ரைடு’ இன்று சென்னையிலும் கோயம்புத்தூரிலும் நடக்கிறது. கோட்டும் டையும் அணிந்து, பழைய பாணி மோட்டார் சைக்கிள்களிலும் ஸ்கூட்டர்களிலும் ஊர்வலம் போவார்கள். ஆண்களின் புராஸ்டேட் புற்றுநோய் ஆய்வுக்கும் மனநலப் பணிக்கும் பணம் திரட்டுவது நோக்கம். ஒவ்வொருவரும் தன் நண்பர்களிடமும் உறவினர்களிடமும் கேட்டு நன்கொடை சேர்க்கிறார். சென்னையில் இன்னொரு வகைக் கார் ராலிகளும் நடந்திருக்கின்றன. அவற்றில் வழிகாட்டி இருக்கையில் பார்வையற்றவர் அமர்ந்து, பிரெய்லில் அச்சிட்ட வழிக்குறிப்பை விரலால் படித்துச் சொல்வார். ஓட்டுபவர் அந்தச் சொல்லை நம்பி வளைவார். பணத்தைவிடப் பெரிதான ஒன்று அங்கே கைமாறுகிறது.

சரி, திடலில் எதைப் பார்ப்பது? கார் விஷயத்தில் சென்னைக்காரர்களுக்குப் பரம்பரைப் பெருமையே இருக்கிறது. சிம்சன் நிறுவனத்தின் சாமுவேல் ஜான் கிரீன் 1903-லேயே இந்த ஊரில் நீராவிக் கார் ஒன்றைச் செய்து ஓட்டிக்காட்டினார். கட்டட ஒப்பந்தக்காரர் நம்பெருமாள் செட்டியார் சென்னையில் கார் வாங்கிய முதல் இந்தியர். வண்டலூரில் ஸ்டாண்டர்டு நிறுவனம் 1961 முதல் ஹெரால்டு கார்களைத் தயாரித்தது. ஹெரால்டைக் கண்டால் அதன் பானெட்டைத் திறந்துகாட்டச் சொல்ல வேண்டும். மட்கார்டுகளோடு சேர்ந்து மூக்கு முழுவதும் முன்பக்கமாகச் சாய்ந்து திறக்கும். முன்சக்கரமும் இஞ்சினும் வெட்டவெளியில் நிற்கும். மெக்கானிக் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். இங்கிலாந்தில் இரண்டு கதவோடு இருந்த அந்தக் காருக்கு நம் குடும்பங்களை நினைத்து நான்கு கதவு வைத்தவர்கள் சென்னைக்காரர்கள்.

புல்லட்டில் பெட்ரோல் டேங்கின் தங்கக் கோட்டைப் பார்க்க வேண்டும். திருவொற்றியூர் தொழிற்சாலையில் சகோதரர்கள் இருவர் பல ஆண்டுகள் அந்தக் கோட்டைத் தூரிகையால், அளவுகோலும் அச்சும் இல்லாமல், ஒரே இழுப்பில் போட்டுவந்தார்கள். டேங்கின் வளைவோடு வளைந்து, முழங்கால் படும் இடத்தில் கூர்ந்து முடியும் கோடு அது. ஸ்டிக்கர் ஒட்டியதற்கும் கையால் இழுத்ததற்கும் உள்ள வேறுபாடு, குனிந்து பக்கவாட்டில் பார்த்தால் கண்ணுக்குத் தெரியும்: கையால் போட்ட கோட்டில் பெயிண்ட் மயிரிழை அளவுக்கு மேலெழுந்து நிற்கும்.

மைசூரில் தயாரான ஜாவாவும் எஸ்டியும் வேறு ரகம். ஒற்றை சிலிண்டருக்கு இரண்டு சைலன்ஸர். கிக்கரும் கியர் லீவரும் ஒன்றே. கிளப்பியபின் அதையே திருப்பிவிட்டுக் கியர் போட வேண்டும். முதன்முறை பார்ப்பவர்கள் கிக்கர் எங்கே போனது என்று தேடுவார்கள். ஆயில் கலந்த பெட்ரோலின் நீலப் புகையும் மணமும் அறுபதுகளில் வளர்ந்தவர்களைக் கையைப் பிடித்து நிறுத்திவிடும்.

இங்கே ஒன்றைத் திடமாகச் சொல்ல வேண்டும். நம் ஊர்க் கண்காட்சிகளில் பலரும் மயங்குவது புதுப் பெயிண்டில். கண்ணாடிபோல மினுங்கும் உடலும், எங்கும் குரோமியமும், புதிதாகத் தைத்த தோல் இருக்கையும் கைத்தட்டல் வாங்கிவிடுகின்றன. தொழிற்சாலையிலிருந்து வந்தபோதுகூட அந்த வண்டி அப்படி இருந்ததில்லை. பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பு ‘டுரின் சாசனம்’ என்ற பெயரில் சீர்செய்வதற்கு நெறிமுறை வகுத்திருக்கிறது: முடிந்தவரை இருப்பதைக் காப்பாற்று, மாற்றியே தீரவேண்டியதை மட்டும் மாற்று. தேய்ந்த ஸ்டியரிங், மங்கிய ஸ்பீடோமீட்டர், தாத்தா வாங்கிய நாளின் நம்பர் பிளேட் எல்லாம் இருக்கும் அம்பாசடர், புதுப்பித்த பத்துக் கார்களுக்குச் சமம். சட்டமும் இப்போது துணைக்கு வந்திருக்கிறது. 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி 50 ஆண்டு கடந்த, மூலவடிவம் மாறாத வண்டிகளை ‘வி.ஏ.’ வரிசையில் பதிவுசெய்யலாம். அன்றாட ஓட்டத்துக்கு அவற்றைப் பயன்படுத்தக் கூடாது; கண்காட்சிக்கும் ராலிக்கும் தடையில்லை.

ஆனால் சமதளத் திடலில் எல்லா வண்டியும் நல்ல வண்டிதான். கைவேலையைச் சோதிக்க மலை வேண்டும். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகும் சாலையைவிட நல்ல பரீட்சைக் கூடம் கிடைக்காது. 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏறக்குறைய 1,200 மீட்டர் ஏற்றம். உயரம் போகப்போகக் காற்று மெலிவதால் இஞ்சின் தன் வலுவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இழக்கும். காற்று குறைந்தும் கார்புரேட்டர் அதே அளவு பெட்ரோலை ஊற்ற, கரும்புகை கிளம்பும். வெயிலில் ஏறும்போது பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி வண்டி இருமி நின்றுவிடும். அந்தக் காலத்து டிரைவர்கள் பம்பின் மேல் ஈரத்துணி சுற்றி அதைச் சமாளித்தார்கள். ரேடியேட்டர் கொதித்தால் மூடியைத் தொடாமல் காத்திருக்கும் பொறுமை வேண்டும். இறக்கத்தில் டிரம் பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடேறிக் கைவிட்டுவிடும். எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்கு என்பது மலை டிரைவர்களின் பாலபாடம். இவ்வளவையும் தாண்டி ஏற்காட்டு ஏரிக்கரையில் வந்து நிற்கும் ஒரு ஹெரால்டோ ஜாவாவோ, அதைச் சீர்செய்த மெக்கானிக்கின் கைத்திறனை எந்த நடுவர் குறிப்பையும்விடத் தெளிவாகச் சொல்லிவிடும்.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையிலும் வண்டிகளுக்குக் குறைவில்லை. கரடியூர்ப் பக்கத்துக் காபித் தோட்டச் சரிவுகளுக்கு ஜீப்பின் நான்கு சக்கர இழுவையும் ‘லோ’ கியரும் பொருந்துகிற அளவுக்கு வேறெதுவும் பொருந்தாது. காபி மூட்டையும் ஆட்களும் ஏற்றிச் சேற்றில் ஏறும் பழைய மகிந்திராவைப் பளபளக்கும் லிமோசினுக்குப் பக்கத்தில் நிறுத்தினால், ரசனை தெரிந்தவர் முதலில் ஜீப்பிடம்தான் போவார். அதன் பானெட்டில் இருக்கும் ஒவ்வொரு நசுங்கலுக்கும் ஒரு வேலைநாள் இருக்கிறது.

ஒவ்வோர் ஆண்டும் மே மாதக் கோடை விழாவுக்கு ஏற்காட்டு அண்ணா பூங்காவில் மலர்க்காட்சி நடக்கிறது. அதே மாதத்தில்தான் சென்னையிலும் கோவையிலும் கோட்டணிந்தவர்களின் ஊர்வலமும் புறப்படுகிறது. விழாவின் ஒரு ஞாயிறன்று விடிகாலையில், பேருந்துகள் ஏறத் தொடங்குமுன் பழைய வண்டிகள் அடிவாரத்திலிருந்து வரிசையாக மலையேறலாம். பகலில் அவற்றை ஏரிக்கரையில் பார்வைக்கு நிறுத்தலாம். மாலையில் மறுபக்கத்துக் குப்பனூர் சாலை வழியாக இறக்கலாம். நுழைவுச் சீட்டுப் பணம் சேர்வராயன் மலைக் கிராமங்களின் பள்ளி விடுதிகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் போகட்டும். பட்டறை மெக்கானிக்குகளின் பெயர்களை வண்டி உரிமையாளர்களின் பெயருக்கு மேலே எழுதிவைக்கட்டும். சேலத்து வாகன ஆர்வலர்களும் மாவட்ட நிர்வாகமும் காபித் தோட்ட உரிமையாளர்களும் சேர்ந்து அமர்ந்து பேசினால், அடுத்த கோடைக்கே இதைத் தொடங்கிவிடலாம்.