கையடக்கக் கணினியும் திறந்த மூல இயங்குதளமும்

ஒரு நூலின் தரத்தை அதன் அட்டையின் அழகுகொண்டு முடிவு செய்யும் ஆசிரியர் எவருமிலர். ஆயினும், கருவிகளைத் தேர்வதில் அந்நிதானம் பெரும்பாலும் காணப்படுவதில்லை. கையடக்கக் கணினிக்கு இயங்குதளம் தேர்வோர் முகப்பின் பொலிவையும், செயலிகளின் எண்ணிக்கையையும், ஓட்டத்தின் விரைவையுமே பார்க்கின்றனர். வேறு சிலரோ ‘திறந்த மூலம்’ என்னும் முத்திரையைக் கண்ட அளவிலேயே மனநிறைவு கொள்கின்றனர். இவ்விரு முறைகளும் குறையுடையன. கருவிக்கு உரியவர் அதன் நிரலைத் திருத்தி அக்கருவியிலேயே மீண்டும் இயக்க இயலுமா? ஆக்கிய நிறுவனம் கைவிட்ட பின்னரும் அவ்வுழைப்பு நிலைக்குமா? இவ்விரு வினாக்களே தேர்வுக்கு உரைகல்லாதல் வேண்டும்.

திறந்த மூலம் என்பது யாது?

வன்பொருளுக்கும் செயலிகளுக்கும் இடையே நின்று இரண்டையும் இணைத்து நடத்தும் நிரல்தொகுதியே இயங்குதளம். அதன் மூலநிரலைப் படிக்கவும் திருத்தவும் பகிரவும் எவர்க்கும் உரிமை அளிக்கப்பட்டிருப்பின் அது திறந்த மூலம் எனப்படும். பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிய லினக்ஸ் இவ்வகையினது. அது 1992 முதல் ஜி.பி.எல். என்னும் உரிமத்தின்கீழ் வழங்கி வருகின்றது. திருத்திய நிரலைப் பிறருக்கு வழங்குவோர் அதன் மூலத்தையும் உடன் வழங்கவேண்டும் என்பது அவ்வுரிமத்தின் கட்டளை. பெற்றவன் தானும் கொடுப்பவனாதல் வேண்டும் என்னும் அறமே இதன் அடிப்படை.

சோரஸ் தரும் சான்று

இவ்வறம் நடைமுறையில் எவ்வாறு பயன்பட்டது என்பதற்கு, ஷார்ப் நிறுவனம் 2002இல் விற்பனைக்குக் கொண்டுவந்த சோரஸ் எஸ்.எல்.-5500 நல்ல சான்றாகும். அந்நாளில் கையடக்கக் கணினிச் சந்தையில் முன்னின்றவை பாம் தளமும் மைக்ரோசாப்டின் பாக்கெட் பி.சி. தளமும் ஆகும். இரண்டும் நிறுவனங்களின் தனியுடைமை. ஷார்ப் நிறுவனமோ லினக்ஸைத் தேர்ந்து, அதன்மேல் நார்வே நாட்டு டிரால்டெக் நிறுவனம் ஆக்கிய க்யூடோப்பியா என்னும் முகப்பை அமைத்தது. கருவியின் ஆற்றல் சிறிது: 206 மெகாஹெர்ட்ஸ் செயலகம், 64 மெகாபைட் நினைவகம், நிலையான சேமிப்புக்கு 16 மெகாபைட்.

க்யூடோப்பியா ஜி.பி.எல். உரிமத்திலும் வெளிவந்தமையால், அதன் போக்கில் நிறைவு கொள்ளாத ஆர்வலர்கள் அதனையே அடிப்படையாகக் கொண்டு ஓப்பி என்னும் தனி முகப்பை வளர்த்தனர். ஜி.பி.இ. என்னும் மற்றொரு முகப்பும் தோன்றியது. ஓப்பி திரையில் நேரே வரைவது. ஆகவே சிறிய நினைவகத்தில் அடங்கி நடந்தது. ஜி.பி.இ. மேசைக் கணினிகளில் வழங்கும் எக்ஸ் சாளர முறையைத் தழுவியது. அதனால் சுமை மிகுதி; எனினும் மேசைக் கணினிச் செயலிகளைக் கொண்டுவருதல் எளிது. இவற்றுள் எது சிறந்தது என்னும் வழக்கு நெடுநாள் நடந்தது. ஒன்று வெல்ல மற்றொன்று தோற்கவேண்டியதில்லை. தேர்ந்துகொள்ளும் உரிமை கருவிக்கு உரியவரிடம் இருந்ததே அங்குப் பெரும்பேறு. ஷார்ப் தந்த தளத்தையே நீக்கிவிட்டு ஓப்பன்சோரஸ் என்னும் தளத்தை நிறுவியோர், 64 மெகாபைட் நினைவகத்தில் செயலிகளுக்கு எவ்வளவு, கோப்புகளுக்கு எவ்வளவு என்பதையும் தாமே வகுத்துக்கொண்டனர்.

திறவாத ஒரு கதவு

ஆயினும் குறையொன்று இருந்தது. நினைவு அட்டையை இயக்கும் சிறு நிரலின் மூலம் வெளியிடப்படவில்லை. இயந்திர மொழியிலேயே கொடுக்கப்பட்டது. அத்தகைய நிரல் லினக்ஸின் எந்தப் பதிப்புக்கென ஆக்கப்பட்டதோ அப்பதிப்போடுதான் பொருந்தும். ஆகவே, புதிய பதிப்புக்குச் செல்ல விரும்பியோர் நினைவு அட்டையை இழக்கவேண்டும். அட்டையை விரும்பியோர் பழைய பதிப்பிலேயே தங்கவேண்டும். வீடு முழுவதும் உரிமையாக்கிக் கொடுத்துவிட்டு ஓர் அறையின் சாவியை மட்டும் வைத்துக்கொண்டது போன்றது இது. வெளியிட்ட மூலநிரலின் அளவைக்கொண்டு திறப்பை அளப்பது பிழை என்பதனை இஃது உணர்த்துகின்றது. வெளியிடாது விட்டது எது என்று நோக்குதலே தகும்.

கருவி மறைந்தும் நின்ற உழைப்பு

சோரஸ் இன்று கடைகளில் இல்லை. எனினும் அதற்காக உழைத்தோரின் அறிவு வீணாகவில்லை. ஓப்பன்சோரஸ் முயற்சியிலிருந்து 2003இல் கிளைத்த ஓப்பன்எம்பெடெட், பலவகைக் கருவிகளுக்கு வேண்டிய லினக்ஸ் தளத்தை ஒரே முறையில் கட்டியெடுக்க உதவும் தொகுதியாயிற்று. 2010இல் தொடங்கப்பெற்ற யோக்டோ திட்டம் அதனையே அடித்தளமாகக் கொண்டது. இன்று மோட்டார் வாகனங்களுக்கான ஆட்டோமோட்டிவ் கிரேடு லினக்ஸும் இம்முறையாலேயே கட்டப்படுகின்றது. ஒரு தனியுடைமைத் தளம் கைவிடப்பட்டால் அதனோடு அவ்வுழைப்பும் புதைகின்றது. திறந்த மூலத்திலோ பழைய மரத்தின் விதை வேறு நிலத்தில் முளைக்கின்றது.

திறப்பு மட்டுமே கருவியைக் காத்துவிடும் என்பதும் மிகைக்கூற்றாகும். 2007இல் நியோ 1973 என்னும் கைபேசியை வெளியிட்ட ஓப்பன்மோகோ முயற்சி திறந்த மூலத்தையே கொள்கையாகக் கொண்டது. ஆனால், அதன் அடுத்த கருவியில் அழைப்பின்போது இரைச்சல் எழுந்தது. 2009இல் கைபேசி ஆக்கமே நின்றது. அன்றாடப் பணியைச் செவ்வனே செய்யாத கருவியை உரிமைக்காக மட்டும் எத்துணைப் பேர் சுமப்பர்?

ஆண்ட்ராய்டின் நிலை

2008இல் முதற்கருவியோடு வந்த ஆண்ட்ராய்டு இக்குறையை வென்று உலகெங்கும் பரவியது. அதன் கருவான லினக்ஸ் ஜி.பி.எல். உரிமத்தது, மேற்பகுதிகளில் பெரும்பாலன அப்பாச்சி உரிமத்தன. அப்பாச்சி உரிமத்தில், திருத்தியவர் தம் திருத்தத்தின் மூலத்தை வெளியிடவேண்டிய கட்டாயம் இல்லை. எனவே விற்பனையாகும் பல கருவிகளில் கூகுளின் சேவை நிரல்களும், வன்பொருளை இயக்கும் நிரல்களிற் பலவும் மூடியே உள்ளன. வேறு தளத்தை நிறுவ இயலாதவாறு தொடக்க நிரலையே பூட்டி விற்கும் நிறுவனங்களும் உண்டு. மாட்டை விற்றுவிட்டுக் கயிற்றைத் தம் கையில் வைத்துக்கொள்ளும் வணிகம் இது. 2016இல் தோன்றிய லீனியேஜ் ஓ.எஸ்., 2017இல் தொடங்கிய போஸ்ட்மார்க்கெட் ஓ.எஸ். ஆகியன கைவிடப்பட்ட கருவிகளுக்கு மறுவாழ்வு தருகின்றன. ஆனால் பூட்டு திறக்கும் கருவிகளில்தான் அது கைகூடும்.

மொழிக்கு உள்ள பங்கு

தமிழாசிரியர்க்கு இவ்வாராய்ச்சி புறம்பானதன்று. ‘கொ’ என்னும் எழுத்தில் ககரத்தின் இருபுறமும் குறிகள் நிற்கின்றன. கணினியிலோ ஒகரக்குறி ககரத்தின் பின்னரே பதிவாகின்றது. அதனை உரிய இடத்தில் அமைத்துக் காட்ட ஒரு நிரல் வேண்டும். அந்நிரல் மூடியதாயின், பிழை நேர்ந்தவிடத்து நிறுவனத்தின் கருணைக்குக் காத்திருப்பதன்றி வேறு வழியில்லை. ஆண்ட்ராய்டு பயன்படுத்தும் ஹார்ஃப்பஸ் போன்று திறந்ததாயின், மொழியறிந்தவரே பிழையைக் காட்டித் திருத்தமும் தரலாம்.

ஆகவே, பள்ளிக்கோ வீட்டுக்கோ கையடக்கக் கணினி வாங்குவோர் விற்பவரிடம் கேட்கத்தக்கவை சில. வன்பொருளை இயக்கும் நிரல்களின் மூலம் வெளியாகியுள்ளதா? தொடக்கப் பூட்டை உரியவர் திறக்கலாமா? நிறுவனத்தைச் சாராத குழு ஏதேனும் அக்கருவிக்குத் தளம் ஆக்கிவருகின்றதா? அன்றாடப் பணிகள் அதில் தடையின்றி நடக்கின்றனவா? இந்நான்குக்கும் விடை பெற்ற பின்னரே விலையையும் முகப்பின் அழகையும் நோக்குதல் முறையாகும்.