பார்வைக்கும் வாசல் உண்டு

நவீனத் தொழில்நுட்பம் மனிதர்களைப் பண்பற்றவர்களாக்கி விட்டது என்னும் குற்றச்சாட்டு இன்று மேடைகளிலும் ஜும்ஆ உரைகளிலும் அடிக்கடி ஒலிக்கிறது. எதிரே அமர்ந்து பேசுபவரை விட்டுவிட்டுச் செல்பேசியில் ஆழ்வது, பேருந்தே கேட்கும்படி அதில் உரையாடுவது, முகமறியாதவரை ஏசி எழுதுவது ஆகியன சான்றுகளாகக் காட்டப்படுகின்றன. சான்றுகள் மெய், முடிவும் மெய்யா என்பதே நம் வினா. கருவியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டால், அதைக் கையில் வைத்திருப்பவர் வெறும் சாட்சியாகத் தப்பிவிடுகிறார்.

இவ்வினாவை ஆராய ஜவ்வாது மலை தக்கதொரு களம். திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் இம்மலை, சாமை விளைவித்து வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் தாயகம். அடிவாரச் சமவெளியில் நம் மக்கள் செறிந்து வாழும் வாணியம்பாடியும் ஆம்பூரும் இருக்கின்றன. விடுமுறை நாள்களில் ஜமுனாமரத்தூருக்கும் பீமன் அருவிக்கும் செல்வோரில் நம்மவரும் உண்டு. அவர்களில் சிலர் வண்டியிலிருந்து இறங்காமலேயே வயலில் குனிந்து வேலை செய்யும் பெண்ணையும், திண்ணையில் இருக்கும் முதியவரையும், விளையாடும் குழந்தையையும் ஒரு சொல்லும் கேளாது படமெடுத்துச் செல்கின்றனர். தம் தெருவில் ஸலாம் சொல்லாமல் அண்டை வீட்டுப் படியேறாதவர்களே இவர்கள். இங்கு மட்டும் ஏன் மாறினர்? தெருவில் அவர்களைத் தடுத்தது அறிமுகம். தந்தை பெயரைச் சொல்லிக் கேட்பார்களே என்னும் அச்சம். மலையில் அந்த அச்சம் இல்லை. செல்பேசி அவர்களிடம் முரட்டுத்தனத்தைப் புதிதாக விதைக்கவில்லை. அவர்களிடம் இருந்தது அதபு அன்று, அதன் நிழலே என்பதைத்தான் காட்டிக்கொடுத்தது.

இஸ்லாம் இதை வாசலில் வைத்தே கற்பித்தது. பிறர் இல்லங்களில் அனுமதி கோராமலும் ஸலாம் உரைக்காமலும் நுழையலாகாது, திரும்பிச் செல்லுமாறு கூறப்பட்டால் திரும்பிவிட வேண்டும் என்பது திருக்குர்ஆனின் கட்டளை (24:27, 28). மும்முறை கேட்டும் விடையில்லையெனில் திரும்புவதே நபிவழி. தம் இல்லத்தின் துளை வழியே எட்டிப்பார்த்த ஒருவரை அண்ணல் நபி (ஸல்) கடிந்துகொண்ட செய்தி புகாரியில் உள்ளது. அனுமதி கோருதல் ஏற்பட்டதே பார்வையின் பொருட்டுத்தான் என்பது அதன் சாரம். அப்படியாயின் காலடி வைப்பது மட்டுமன்று, கண் நுழைவதும் நுழைவே. கேமரா என்பது நெடிதாக நீண்ட கண். பார்த்ததை அது மறப்பதில்லை. பிறர்க்கும் கொண்டு சேர்க்கிறது.

கருவியே குற்றவாளி என்னும் வாதத்திற்கு அதே மலையில் மறுப்பும் உண்டு. காவலூரில் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. அதன் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-இல் பயன்பாட்டுக்கு வந்தது. செல்பேசியினும் வலிய கண் அது. ஆயினும் அதைச் சூழ்ந்து ஓர் ஒழுங்கு நிலவுகிறது. அங்கே இரவில் ஒரு விளக்கைக் காரணமின்றி ஏற்றுவதும் பிறர் பணியைக் கெடுப்பதாகும். சமவெளி ஊர்களின் பெருகிவரும் வெளிச்சம் வானத்தை மங்கச் செய்வதே ஆய்வாளர்களின் கவலை. அந்நிறுவனத்தின் மற்றொரு வானாய்வகம் அமைந்த லடாக்கின் ஹான்லேயில், 2022-இல் இருள்வான் காப்பகம் அறிவிக்கப்பட்டது. ஊர்மக்களும் தம் விளக்குகளை அடக்கி வைக்க இசைந்தனர். நுட்பம் மிகுந்த இடத்தில் அதபும் மிகுந்திருக்கலாம் என்பதற்கு இவை சான்று.

கருவிக்குப் பங்கே இல்லையா எனில், உண்டு. முன்பு ஒருவரைக் காண நடக்க வேண்டும், கதவைத் தட்ட வேண்டும், காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பே பாதிப் பண்பைக் கற்பித்தது. இன்று நடையும் கதவும் மறைந்தன. வெளியே இருந்த வாசலை இனி உள்ளத்தில் கட்டிக்கொள்ள வேண்டும். அதைச் செய்யாத குறை நம்முடையது. ஒலிபெருக்கி வந்தபோதும் இதுவே நிகழ்ந்தது. தொழுகையில் குரலை மிக உயர்த்தாமலும் மிகத் தாழ்த்தாமலும் இடைவழி பேணச் சொல்லும் வேதத்தை (17:110) உடைய நாம், நோயாளியின் உறக்கத்தை எண்ணாது நள்ளிரவு வரை கூட்டம் நடத்தியதில்லையா? இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொது இடங்களில் ஒலிபெருக்கிக்கான தடையை உச்ச நீதிமன்றம் 2005-இல் வலியுறுத்தியது. நீதிமன்றம் சொல்லும் முன்பே நம் மார்க்கம் சொல்லியிருந்தது.

உண்ணும் அதபையும் பள்ளிவாசலில் நுழையும் அதபையும் நம் மதரஸாக்கள் கற்பிக்கின்றன. அவற்றோடு கருவியின் அதபும் சேரட்டும். அழைப்பை எடுக்காதவரை மும்முறைக்கு மேல் அழைத்து வருத்தாமை, படமெடுக்கும் முன் கேட்டல், மறுத்தால் மனம் கோணாது திரும்புதல் ஆகிய இவற்றுக்குப் புதிய சட்டம் தேவையில்லை. பழைய வாசல் போதும். மலைமீது சாமை வயலில் நிற்கும் பெண்ணுக்கும் அவ்வாசல் உண்டு. அவள் குடிசைக்குக் கதவில்லை என்பதால் அது இல்லாமற் போவதில்லை.