முதல் தாடிக்கு ஒரு டிரிம்மர் போதும்

கார்த்திகை 1-ஆம் தேதி மாலை போட்டேன். 41 நாள் விரதம் முடித்து, மலை இறங்கி வந்து, வீட்டில் மாலையைக் கழற்றிய கையோடு கண்ணாடியைப் பார்த்தேன். 23 வயதில் முதன்முறையாக என் முகத்தில் தாடி என்று சொல்லும்படி ஒன்று இருந்தது. முகத்து முடி ஒரு நாளைக்குச் சுமார் 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர் வளரும். 41 நாளுக்கு ஒன்றரை சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. மோவாயில் நல்ல அடர்த்தி. மீசையோரம் பரவாயில்லை. இரண்டு கன்னத்திலும் திட்டுத்திட்டாக இடைவெளி, காதோரம் வெறும் பூனை முடி. எங்கள் குழுவில் முதல் தாடி வளர்த்த மற்ற மூன்று சாமிகளும் மறுநாளே மழித்துவிட்டார்கள். நான் வைத்துக்கொள்வது என்று முடிவெடுத்தேன்.

அதற்குப் பிறகு நான்கு மாதத்தில் இரண்டு டிரிம்மர், மூன்று எண்ணெய், ஒரு பியர்ட் வாஷ், ஒரு பியர்ட் பாம், இரண்டு சீப்பு வாங்கிப் பயன்படுத்திப் பார்த்துவிட்டேன். செலவு 4,000 ரூபாயைத் தாண்டியது. இதில் எது உழைக்கிறது, எது அலமாரியில் கிடக்கிறது என்பதை, இப்போதுதான் தாடி வளர்க்கத் தொடங்கியிருக்கும் தம்பிகளுக்காக எழுதுகிறேன். அவர்களைக் குறிவைத்துக் கடையில் அடுக்கியிருக்கும் புட்டிகளைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே கவலையாக இருக்கிறது.

முதலில் டிரிம்மர். நான் வாங்கிய முதல் டிரிம்மர் 700 ரூபாய். மோட்டாரும் பிளேடும் குறை சொல்லும்படி இல்லை. கோளாறு கார்டில் இருந்தது. பிளேடுக்கு மேல் மாட்டும் அந்தப் பிளாஸ்டிக் சீப்புதான் முடி எத்தனை மில்லிமீட்டர் மிஞ்ச வேண்டும் என்று தீர்மானிக்கிறது. இதில் கார்டை இரண்டு பக்கமும் உள்ள சிறு காடியில் தள்ளி மாட்ட வேண்டும். மாட்டிய பிறகும் விரலால் தொட்டால் லேசாக ஆடும். அக்காவின் வளைகாப்புக்கு இரண்டு நாள் முன்பு, 7 மில்லிமீட்டரில் வைத்துத் தாடை ஓரத்தில் மேல்நோக்கி ஓட்டினேன். தாடை எலும்பின் வளைவில் அழுத்தம் கூடியதும் கார்டு 'டக்' என்று கழன்றது. கை நிற்பதற்குள் ஒரு விரல் அகலத்துக்குத் தோல் தெரிந்துவிட்டது. மீதித் தாடியை 3 மில்லிமீட்டருக்குக் குறைத்து ஒப்பேற்றினேன். அந்த இடம் பழையபடி 7 மில்லிமீட்டருக்கு வர மூன்று வாரம் ஆயிற்று.

இரண்டாவது டிரிம்மர் 1,300 ரூபாய். இதில் கார்டு உடலோடு சேர்ந்த தண்டவாளத்தில் ஏறி இறங்குகிறது. பக்கத்தில் ஒரு சக்கரம். அதைத் திருகினால் 0.5 மில்லிமீட்டரிலிருந்து 10 மில்லிமீட்டர் வரை அரை அரை மில்லிமீட்டராக நகரும். ஒவ்வொரு படியிலும் சக்கரம் பூட்டிக்கொள்வதை விரல் உணர்கிறது. தாடை வளைவில் எவ்வளவு அழுத்தினாலும் அசையவில்லை. கன்னத்தில் 5, மோவாயில் 8, காதோரக் கிருதாவில் 3 என்று மூன்று அளவாக ஓட்டுகிறேன். அடர்த்தி குறைந்த கன்னத்து முடியை அளவாகக் குறைத்து, மோவாயில் நீளம் விட்டால், திட்டுத்திட்டான தாடியும் பார்வைக்கு நிரம்பிவிடுகிறது. இந்த அரை மில்லிமீட்டர் நுணுக்கம்தான் முதல் தாடிக்கு வேண்டியது.

பேட்டரி லித்தியம் அயனாக இருக்கட்டும். என் பழைய டிரிம்மர் எட்டு மணி நேரம் சார்ஜ் ஏறி, அரை மணி நேரம்தான் ஓடியது. புதியது இரண்டு மணி நேரம் ஏறினால் எனக்கு ஒரு மாதத்துக்குக் காண்கிறது. டைப்-சி முனை இருப்பதால் போன் சார்ஜரே போதும். பெட்டியில் 'ஐபிஎக்ஸ்7' என்று அச்சிட்டிருந்தால், ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும் என்று பொருள். அது இல்லாவிட்டால் குழாயடியில் காட்டாதீர்கள். பிரஷ்ஷால் முடியைத் தட்டிவிட்டு, தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு பிளேடில் விட்டால் போதும். ஈரத் தாடியில் மட்டும் ஓட்டாதீர்கள். நனைந்த முடி நீண்டு படிந்து நிற்கும். காய்ந்ததும் நினைத்ததைவிடக் குட்டையாகத் தெரியும்.

டிரிம்மர் கையில் வந்ததும் நான் செய்த முதல் தவறு, கழுத்துக் கோட்டைத் தாடை எலும்பின் விளிம்பிலேயே போட்டது. தலை நிமிர்ந்தால் தாடி முகத்தில் ஒட்டவைத்ததுபோல் தெரிந்தது. சிறு வயதிலிருந்து எனக்கு முடி வெட்டும் சலூன் அண்ணன் பார்த்ததும் சொன்னார்: "தம்பி, ரொம்ப மேல ஏத்திட்டீங்க. ரெண்டு விரல் கணக்கு தெரியாதா?" குரல்வளை மேட்டின்மேல் இரண்டு விரலைக் குறுக்காக வைத்தார். அதற்கு மேலே உள்ளது தாடி, கீழே உள்ளது கழுத்து. அங்கிருந்து இரண்டு காதின் பின்புறம் வரை ஒரு வளைவாகக் கோடு போகும். "கன்னத்துல கோடு போடணும்னா ஒரு மாசம் பொறுங்க. எங்க முளைக்குது, எங்க முளைக்கலைன்னு முதல்ல தெரியட்டும்" என்றார். கழுத்தில் முடி ஒரே திசையில் வளர்வதில்லை. தடவிப் பார்த்து, வளரும் போக்கிலேயே மழிக்கச் சொன்னார். எதிர்ப்போக்கில் ஒட்ட மழித்தால் முனை தோலுக்குள்ளேயே திரும்பி வளர்ந்து பருவாகிவிடும். இந்தப் பத்து நிமிடப் பாடம் எனக்கு எந்தப் புட்டியும் தராதது.

அடுத்தது எண்ணெய். அதிகம் ஆசை காட்டி விற்கப்படுவது இதுதான். 30 மில்லி பியர்ட் ஆயில் 350 ரூபாய்க்கு வாங்கினேன். ஆர்கன், ஜோஜோபா எண்ணெய்களின் கலவை. மூன்று வாரம் இடது கன்னத்தில் அதையும், வலது கன்னத்தில் மருந்துக் கடையில் வாங்கிய சாதாரண பாதாம் எண்ணெயையும் தடவினேன். குளித்துத் துடைத்த பிறகு, ஒரு பக்கத்துக்கு இரண்டே சொட்டு. விரல் நுனியால் முடிக்கு அடியில் உள்ள தோலில் படும்படி. முதல் வாரத்திலேயே இரண்டு பக்கமும் அரிப்பு அடங்கியது, முடி மெத்தென்றானது. மூன்றாவது வாரம் முடிந்தபோதும், கண்ணை மூடித் தடவிப் பார்த்தால் எது எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியவில்லை. கடை எண்ணெயில் நல்ல வாசம், அது உண்மை. பிறகு பத்து நாள் தேங்காய் எண்ணெய்க்கு மாறினேன். தாடியோரம் பருக்கள் வந்தன. தேங்காய் எண்ணெய் சிலருக்கு மயிர்க்கால் துளைகளை அடைத்துவிடும். எண்ணெய்ப் பிசுக்கு முகம் உள்ளவர்கள் அதைத் தலையோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

எந்த எண்ணெயும் முடி இல்லாத இடத்தில் முடியை முளைக்க வைக்காது. மயிர்க்கால்கள் பிறக்கும்போதே தோலில் இருக்கின்றன. அவற்றின் பூனை முடியைக் கருமுடியாக்குவது ஆண்களுக்கான ஹார்மோன். எந்த வயதில், எவ்வளவு என்பது பெரும்பாலும் பரம்பரை. பலருக்கு 20-களின் கடைசியில்தான் கன்னம் நிரம்பும். அடிக்கடி மழித்தால் அடர்த்தியாகும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதையும் நம்ப வேண்டாம். அமெரிக்க உடற்கூறியல் அறிஞர் மில்ட்ரெட் டிராட்டர் 1928-லேயே மழித்து அளந்து பார்த்து, முடியின் தடிமனோ வேகமோ மாறுவதில்லை என்று எழுதிவிட்டார். மழித்த முடியின் முனை மொட்டையாக இருப்பதால் சொரசொரப்பாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

கன்னம் நிரம்பும்வரை பொறுக்க முடியாத அவசரத்தில்தான் பலர் மினாக்ஸிடிலுக்குப் போகிறார்கள். என் அறைத் தோழனும் போனான். அது ரத்தக் கொதிப்புக்கான மாத்திரையாக வந்த மருந்து. தலையில் தடவும் திரவமாக அமெரிக்காவில் 1988-இல் ஒப்புதல் பெற்றது. தாடிக்கென்று ஒப்புதல் பெற்றதல்ல. சிலருக்கு முடி வருவதும் உண்டு. தோல் வறண்டு உரிவதும், படபடப்பும், தலைச்சுற்றலும் வருவதும் உண்டு. வீட்டில் பூனை இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். தடவிய முகத்தையோ தலையணையையோ பூனை நக்கினால் அதன் உயிருக்கே ஆபத்து. தோல் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கழுவுவதில் நான் பட்ட பாடு தண்ணீரால் வந்தது. எங்கள் வீட்டில் போர் தண்ணீர், உப்பு அதிகம். உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் வெள்ளையாகத் திரிந்து தாடியின் அடியில் படிகிறது. குளியல் சோப்பின் காரம் வேறு தோலை வறளச் செய்கிறது. 299 ரூபாய் பியர்ட் வாஷுக்கு மாறினேன், படிவது நின்றது. புட்டி தீர்ந்த பிறகு தலைக்குப் போடும் மென்மையான ஷாம்பூவையே வாரம் இரண்டு முறை போட்டேன், அப்போதும் படியவில்லை. கழுவிய பிறகும் தாடிக்குள் வெள்ளைச் செதிலாக உதிர்ந்தால் அது பொடுகாக இருக்கலாம். தோலின் எண்ணெயைத் தின்று வாழும் ஒரு பூஞ்சைக்கு அதில் பங்கு உண்டு. வறட்சி என்று நினைத்து மேலும் எண்ணெய் தடவினால் பொடுகு கூடும். மருத்துவரிடம் காட்டிப் பொடுகு ஷாம்பூ கேளுங்கள்.

பியர்ட் பாம் ஒரு சென்டிமீட்டர் தாடிக்குத் தேவையே இல்லை. மதுரை வெயிலில் டப்பாவுக்குள்ளேயே இளகி, மதியத்துக்குள் வியர்வையோடு கழுத்தில் வழிந்தது. 60 ரூபாய் வேப்பமரச் சீப்பு நன்றாக உழைக்கிறது. பிளாஸ்டிக் சீப்பின் பல்லிடுக்கில் இருந்த பிசிறு முடியைப் பிடித்து இழுத்தது.

இன்று தொடங்குவதாக இருந்தால் நான் வாங்குவது: 1,300 ரூபாய் டிரிம்மர், ஒரு மரச் சீப்பு, ஒரு சிறு புட்டி பாதாம் எண்ணெய். ஷாம்பூ வீட்டில் இருப்பதே. மொத்தம் 1,500 ரூபாயை ஒட்டி முடிந்துவிடும். சலூனில் கழுத்து மழிக்கும்போது புது பிளேடு மாற்றச் சொல்லக் கூச்சப்படாதீர்கள். ஒருவர் ரத்தம் பட்ட பிளேடு இன்னொருவருக்கு மஞ்சள் காமாலைக் கிருமியைக் கொண்டுவந்துவிடும். டிரிம்மர் வாங்கும்போது பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கார்டை மாட்டி, கட்டைவிரலால் பக்கவாட்டில் அழுத்திப் பாருங்கள். ஆடினால் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு கேளுங்கள்.